இறங்கும் இடம்

ஆட்டத்துக்கு முதல் நாள் வரை
கொரடாச்சேரிப் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளத்தில்
குறுவை நெல் காய்ந்தது.
ஈரப்பதம் கூடுதல் என்று
கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல்.
காலையில் அதை ஓரமாகத் தள்ளிக் குவித்து
தார்ப்பாய் போட்டார்கள்.
நாங்கள் மூன்று தடவை பெருக்கினோம்.
ஃப்ரீ த்ரோ கோட்டருகே மட்டும்
சுணை போகவில்லை.
விழுந்தால் முழங்கால் இரவெல்லாம் அரிக்கும்.

கூத்தாநல்லூர் அணியில் பதினொன்றாம் எண், ரமீஜா.
இடதுகைக்காரி.
எழும்பினால் ஒரு நொடி கூடுதலாக மேலேயே நிற்பாள்.
தடுக்கப் போன நாங்கள் எல்லாரும் தரைக்கு வந்த பிறகுதான்
பந்து அவள் விரலை விட்டுக் கிளம்பும்.
மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள்
பதினெட்டுப் புள்ளி.

ஜெர்சி நுனியைப் பிடித்துப் பார்த்தேன்.
ரீபவுண்டுக்குப் போகையில்
இடுப்பில் முழங்கை வைத்தேன்.
இதெல்லாம் எல்லாரும் செய்வது,
அவளும்கூட என் கையில் நகக்கீறல் வைத்திருந்தாள்.

இடைவேளையில் குளுக்கோஸ் தண்ணீரை நீட்டியபடி
பி.டி. சார் சொன்னார்:
"மேல அவள ஒண்ணும் பண்ண முடியாதும்மா."
அவ்வளவுதான் சொன்னார்.
மீதியை அவர் கணக்கில் எழுத
எத்தனையோ நாள் முயன்றுவிட்டேன்.
வரவு வைக்க மறுக்கிறது.

கடைசி நாற்பது நொடி. ஒரே புள்ளி முன்னால் நாங்கள்.
நடுவர் மேற்கே பார்த்து நின்றார்,
கண்ணில் வெயில்.
அவள் எழும்பினாள்.
நான் கையைத் தூக்கினேன்,
நேராக, முறைப்படி,
எந்த நடுவரும் குறை சொல்ல முடியாத கை.
கீழே என் வலது கால்
அவள் இறங்க வேண்டிய இடத்துக்கு
ஒரு சாண் நகர்ந்தது.

பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றியது.
ஊரே அண்ணாந்து பார்த்தது.
முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம்,
எனக்கும் அவளுக்கும் மட்டும்.

விசில் இல்லை.
முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு.
ஸ்கோர் புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே
இரண்டே ஃபவுல்.

தார்ப்பாய் ஓரம் நெல் தள்ளும் பலகையோடு
ஒரு அம்மாள் நின்றிருந்தாள்.
தலை குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள்
அங்கே அவள் ஒருத்திதான்.
என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"முடிஞ்சிதா? நெல்லக் கொட்டலாமா?"

கைகுலுக்கும் வரிசையில் ரமீஜா வந்தாள்,
ஒரு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு,
இரண்டு தோழிகள் தாங்க.
கணுக்கால் அதற்குள் பன் மாதிரி உப்பியிருந்தது.
"ஒன் கால் மேலயே வந்து விழுந்துட்டேன்.
அடி பட்டுச்சா?"

தெரிந்து கேட்டாளா, தெரியாமலா?
அவள் முகத்தில் தேடினேன்.
வலி இருந்த இடத்தில் வேறெதையும் படிக்க முடியவில்லை.
"இல்ல" என்றேன்.

காலை வழிபாட்டில் கைதட்டினார்கள்.
சான்றிதழில் என் பெயர்
அருள்வடிவு என்பதற்கு அருள்வடு என்று விழுந்திருந்தது.
திருத்தித் தருகிறேன் என்ற கிளார்க்
மாற்றலாகிப் போய்விட்டார்.

அடி பட்டுத்தான் இருந்தது.
பெருவிரல் நகம் கறுத்து,
சம்பா நடவின்போது அடியில் வெளுத்து,
பால் பிடிக்கையில் பாதிக்கு வந்து,
அறுப்புக்குள் கறுப்பு முழுக்க நுனிக்குத் தள்ளப்பட்டுவிட்டது.
அதை வெட்டிப் போட்ட அன்று
அம்மாவுக்குக்கூடத் தெரியாது
எதை வெட்டினேன் என்று.

இந்த வருடம் கூத்தாநல்லூர் வந்தது.
பதினொன்றாம் எண்ணில் வேறொரு பெண்.
கேட்கலாம் என்று பக்கத்தில் போய்
பந்தில் காற்று குறைகிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மூன்று முறை கோட்டோரம் தனியாக நின்றேன்,
காவல் இல்லாமல், நல்ல வாட்டமாக.
மூன்றும் தவறியது.
"வளையத்தப் பாரு, வளையத்தப் பாரு!"
தொண்டை கட்டக் கத்துகிறார் பி.டி. சார்.

எழும்பும் முன்
என் கண் கீழே போகிறது.
சிமெண்ட்.
பெருக்கியும் போகாத நாலு நெல்.